இரண்டு சுற்று ஏறினால் போதாது: பழைய மோட்டார் சைக்கிள் சஸ்பென்ஷனின் மரைகள்

பழைய மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கைக் கழற்றிப் பிரித்தால், ஏதாவது ஒரு நட்டோ திருகோ தேய்ந்திருக்கும் அல்லது காணாமல் போயிருக்கும். மாற்றாக ஒன்றைத் தேடி எடுத்து வைத்துப் பார்க்கிறோம். இரண்டு சுற்று இலகுவாக ஏறுகிறது. மூன்றாவது சுற்றில் லேசாக இறுகுகிறது. துருவோ அழுக்கோ தடுக்கிறது என்று நினைத்து ஸ்பேனரைப் போடுகிறோம். பல பத்தாண்டுகள் தாங்கிய மரை, அதாவது திருகிலும் துளையிலும் வெட்டிய சுருள் பள்ளம், அந்த ஒரு நொடியில் அழிந்துவிடுகிறது. அழிவது பெரும்பாலும் புதிதாக வாங்கிய திருகின் மரை அல்ல. மாற்றே கிடைக்காத, ஃபோர்க்கின் அடிப்பகுதியான அலுமினியக் கீழ்க்காலின் மரை, அல்லது சுவர் மெலிந்த ஃபோர்க் குழாயின் மரை.

ஒரு மூடியையோ விளக்குத் தாங்கியையோ பிடித்திருக்கும் திருகு சற்றுத் தளர்ந்தாலும் பெரிய கேடு இல்லை. சஸ்பென்ஷன் அப்படிப்பட்ட இடம் அல்ல. அங்கே சுமை ஒவ்வொரு குழியிலும் திசை மாறுகிறது; இழுப்பு தள்ளலாகிறது, தள்ளல் இழுப்பாகிறது. மரையின் சரிவுகள் முழுமையாக ஒன்றோடொன்று படியாவிட்டால் அந்த இடைவெளியில் உலோகம் உரசி உரசித் தேயும், நட் தளரும். எனவே இங்கே ஒரு மரையை அடையாளம் காணும்போது விட்டம், பிட்ச் (அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடையிலான தூரம்), கோணம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாகச் சான்று வேண்டும். ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்கக் கூடாது.

குழப்பம் எங்கிருந்து வந்தது

1841இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த மரை 55 டிகிரிக் கோணம் கொண்டது. அதன் முகடும் பள்ளமும் வளைவாக இருக்கும். 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரிக் கோணத்தையும் தட்டையான முகட்டையும் முன்வைத்தார். விட்வொர்த் மரை பருமனானது. அதே கோணத்தில் நெருக்கமான மரைகளுடன் பிஎஸ்எஃப் என்ற தொடர் 1908இல் வந்தது. மின்கருவிகளுக்கும் சிறு திருகுகளுக்கும் 47.5 டிகிரிக் கோணத்தில் பிஏ தொடர் இருந்தது. குழாய் இணைப்புகளுக்கு பிஎஸ்பி. இவை எல்லாமே பிரிட்டனில் ஒரே காலத்தில் புழக்கத்தில் இருந்தவை. ஒரே வாகனத்திலும் இருந்தவை.

மோட்டார் சைக்கிளுக்கு மிக நெருக்கமானது இவற்றில் எதுவும் அல்ல. சைக்கிள் தொழிலிலிருந்து வந்த சிஇஐ என்ற சைக்கிள் மரைதான் பழைய பிரிட்டிஷ் ஃபோர்க்குகளில் எங்கும் நிறைந்திருப்பது. அதன் கோணம் 60 டிகிரி, முகடும் பள்ளமும் வளைவு. கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை எல்லா விட்டத்துக்கும் ஒரு அங்குலத்துக்கு 26 மரை என்ற ஒரே பிட்ச்சை அது பயன்படுத்துகிறது. விட்டம் கூடினாலும் பிட்ச் மாறாதது வினோதமாகத் தோன்றலாம். காரணம் எளியது: மரையின் ஆழம் பிட்ச்சைப் பொறுத்தது. அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை. ஆழம் ஏறத்தாழ 1.36 மி.மீ. 26 மரையுள்ள சைக்கிள் மரையின் ஆழமோ சுமார் 0.52 மி.மீ. மட்டுமே. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் குழாய்களால் ஆனவை. மெல்லிய குழாய்ச் சுவரில் 1.36 மி.மீ. ஆழம் வெட்டினால் மிச்சம் என்ன இருக்கும்? நெருக்கமான மரை அதிர்வில் எளிதில் தளராது என்பதும் கூடுதல் நன்மை.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் எஞ்சினைத் தயாரித்தபோது பிரிட்டிஷ் மரைகளையே வெட்ட வேண்டியிருந்தது. இத்தகைய சிரமங்களின் விளைவாக 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒருங்கிணைந்த மரை முறைக்கு உடன்பட்டன. அதிலிருந்து வந்தவைதான் பருமனான மரைக்கு யுஎன்சி, நெருக்கமான மரைக்கு யுஎன்எஃப். ஆனால் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் அவசரப்படவில்லை. 1960களின் இறுதியில்தான் மாற்றம் வேகம் பிடித்தது. அதுவும் பாகம் பாகமாக. அந்த ஆண்டுகளில் வந்த வாகனத்தில் ஒரு இடத்தில் சைக்கிள் மரையும் பக்கத்திலேயே யுஎன்எஃப்பும் இருந்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வாகனத்தின் ஆண்டை வைத்து மரையைத் தீர்மானிப்பது அக்காலத்தைப் பொறுத்தவரை ஆபத்தான வழி.

ஜப்பானிய வாகனம் என்றால் மெட்ரிக்தான், சிக்கல் இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. 1960களின் நடுப்பகுதி வரையிலான ஜப்பானியச் சிறு திருகுகளின் பிட்ச் இன்றைய ஐஎஸ்ஓ அளவிலிருந்து வேறுபட்டது. 5 மி.மீ. திருகுக்கு இன்று 0.8 பிட்ச், அன்று 0.9. 4 மி.மீ. திருகுக்கு இன்று 0.7, அன்று 0.75. விட்டம் ஒன்றே என்பதால் புதிய திருகு பழைய துளையில் தொடக்கத்தில் ஏறும், பிறகு கடிக்கும்.

விட்டம் முடிவு சொல்லாது

வெர்னியர் காலிப்பரில் ஒரு போல்ட்டின் வெளிவிட்டம் 7.85 மி.மீ. என்று காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். 8 மி.மீ. மெட்ரிக் போல்ட்டா? 5/16 அங்குலமா? 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. எந்த மரையும் பெயரளவு விட்டத்துக்குச் சற்றுக் குறைவாகவே வெட்டப்படும், அதனால் 7.85 என்ற எண் இரண்டுக்குமே இயல்பானது. இப்போது எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் பாருங்கள்: மெட்ரிக்கில் 1.25 பிட்ச், 1.0 பிட்ச், அங்குலத்தில் விட்வொர்த்தும் யுஎன்சியும் 18 மரை, பிஎஸ்எஃப் 22, யுஎன்எஃப் 24, சைக்கிள் மரை 26. ஒரே விட்டத்துக்கு ஏழு பேர்.

இவர்களைப் பிரிப்பது பிட்ச், அதாவது பள்ளிப் பாடத்தில் படித்த புரியிடைத் தூரம். ஒரே ஒரு இடைவெளியை அளந்தால் எதுவும் தெரியாது. 26 மரையின் பிட்ச் 0.977 மி.மீ.; ஒரு மி.மீ. பிட்ச்சிலிருந்து அது வேறுபடுவது 0.023 மி.மீ. மட்டுமே. பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்தால் வேறுபாடு 0.23 மி.மீ. ஆகிவிடும், சாதாரண காலிப்பரே அதைக் காட்டும். நமது 7.85 மி.மீ. போல்ட்டில் பத்து இடைவெளி 9.77 என்றால் சைக்கிள் மரை, 10.0 என்றால் மெட்ரிக், 10.58 என்றால் யுஎன்எஃப், 11.55 என்றால் பிஎஸ்எஃப், 12.5 என்றால் மீண்டும் மெட்ரிக், 14.1 என்றால் 18 மரை. எண்ணும்போது முகடுகளை எண்ணாமல் இடைவெளிகளை எண்ண வேண்டும். பத்து முகடுகளுக்கு நடுவே ஒன்பது இடைவெளிதான் இருக்கிறது. இந்தச் சிறு பிசகில் முழுக் கணக்கும் வேறு குடும்பத்துக்குப் போய்விடும்.

பிட்ச் கேஜ் என்ற சீப்புத் தகடுகள் வேலையை எளிதாக்குகின்றன. ஆனால் மெட்ரிக் தொகுப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது வீண். 1.0 தகடு 26 மரையின் மேல் நான்கைந்து பற்களுக்கு அழகாக உட்காரும், 1.25 தகடு 20 மரையின் மேல் அதைவிட அழகாக உட்காரும், ஏனென்றால் 20 மரையின் பிட்ச் 1.27. தகட்டின் முழு நீளமும் மரைமேல் படிய வேண்டும், பின்னால் வெளிச்சம் இருக்க வேண்டும். குறுகிய மரை என்றால் தகட்டை நம்பாமல் அளந்து கணக்கிடுவதே மேல்.

எங்கே அளக்கிறோம் என்பதும் முக்கியம். நட் உட்கார்ந்திருந்த பகுதி தேய்ந்தும் நீண்டும் இருக்கும். அளவுக்கு மீறி முறுக்கப்பட்ட போல்ட்டில் அந்த இடத்தில் பிட்ச்சே சற்றுக் கூடியிருக்கும். 26 மரைக்கும் 1.0 பிட்ச்சுக்கும் நடுவில் விளங்காத ஒரு எண் வந்தால் புதிய வகை மரை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ண வேண்டாம். நட் தொடாத பகுதியில் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் எண் வேறுபட்டால் அந்த போல்ட் நீண்டுவிட்டது. அளவு எதுவானாலும் அதை மீண்டும் சஸ்பென்ஷனில் போடக் கூடாது.

கோணம் தீர்ப்பு சொல்லும் இடங்கள்

விட்டமும் பிட்ச்சும் ஒன்றாகவே இருந்து, கோணம் மட்டும் வேறுபடும் இரட்டையர்கள் சிலர் உண்டு. கால் அங்குல பிஎஸ்எஃப்புக்கும் கால் அங்குல சைக்கிள் மரைக்கும் 26 மரைதான். முதலாவது 55 டிகிரி, இரண்டாவது 60. 5/16, 3/8 அங்குலங்களில் விட்வொர்த்தும் யுஎன்சியும் பிட்ச்சில் ஒன்றே. அரை அங்குலத்தில்தான் 12, 13 என்று பிரிகின்றன. எல்லாவற்றிலும் ஏமாற்றுவது 0பிஏ: விட்டம் 6.0 மி.மீ., பிட்ச் 1.0 மி.மீ. சாதாரண 6 மி.மீ. மெட்ரிக் திருகின் எண்கள்தான். கோணம் மட்டும் 47.5 டிகிரி.

இந்த இரட்டையர்கள் ஒன்றில் ஒன்று ஏறும். சில நேரம் கடைசிவரை ஏறும். ஆனால் சரிவு முழுவதும் படியாமல் ஒரு கோட்டில் மட்டுமே தொடும். நின்ற நிலையில் தாங்குவது போலத் தெரிந்தாலும், திசை மாறும் சுமையில் அந்தக் கோடு நசுங்கி இடைவெளி பிறக்கும். ஆகவே அதிர்வைத் தணிக்கும் டேம்பரின் தண்டிலும், ஃபோர்க்கை வாகனத்தோடு இணைக்கும் லிங்கிலும் இப்படிப்பட்ட கலப்பு எனக்கு ஏற்புடையதே அல்ல.

கோணத்தைப் பார்க்கும் முறை இது. 60 டிகிரித் தகட்டை மரையில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். தகட்டின் பல் முகட்டுப் பக்கம் மட்டும் தொட்டு, பள்ளத்தின் அடியில் வெளிச்சம் தெரிந்தால் மரையின் கோணம் தகட்டைவிடக் குறுகியது, 55ஆக இருக்கலாம். 55 டிகிரித் தகட்டை 60 டிகிரி மரையில் வைத்தால் நேர்மாறு: அடியில் தொடும், மேலே வெளிச்சம் வரும். முகடு வளைவா தட்டையா என்பதை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். தேய்ந்த மரை எல்லாமே வளைவாகத்தான் தெரியும். சைக்கிள் மரையோ பிறவியிலேயே வளைவு.

போல்ட்டின் தலையும் கொஞ்சம் பேசும். யுஎன்எஃப், யுஎன்சி பிரிட்டிஷ் போல்ட்டுகளில் ஒன்றையொன்று தொடும் சிறு வளையங்களின் வரிசையோ, தலையின் மேல் வட்டப் பள்ளமோ இருக்கும். ஆர், எஸ், டி ஆகிய ஆங்கில எழுத்துகள் வலிமையைக் குறிப்பவை, மரையை அல்ல. ஸ்பேனர் அளவும் ஒரு சான்று: கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 13.3 மி.மீ.; அது 5/16 பிஎஸ்எஃப் தலைக்கும் பொருந்தும். 13 ஏறாமல், 14 ஆடும் தலையைக் கண்டால் பிரிட்டிஷ் பழைய அளவு என்று சந்தேகிக்கலாம். ஆனால் தலை சொல்வது துணைச் சான்று மட்டுமே. இடையில் எத்தனை கை மாறியதோ, யார் எந்த போல்ட்டைப் போட்டார்களோ.

துளைக்குள் இருக்கும் மரை

உள்மரையில் காலிப்பர் காட்டுவது முகடுகளுக்கு இடைப்பட்ட சிறு விட்டத்தை. 60 டிகிரி மரையில் அது பெயரளவு விட்டத்திலிருந்து பிட்ச்சின் 1.08 மடங்கு குறைவு. 55 டிகிரியில் 1.28 மடங்கு குறைவு. 8 மி.மீ., 1.25 பிட்ச் துளை சுமார் 6.65 என்று காட்டும். 5/16 விட்வொர்த் துளை சுமார் 6.13.

ஃபோர்க் குழாயின் மேல்வாய் போன்ற பெரிய துளையில் பிட்ச் தகட்டை நேரடியாக உள்ளே வைத்துப் பார்க்கலாம். சிறிய துளைக்கு அச்சு எடுப்பதுதான் நம்பகமானது. துளையை நன்றாகத் துடைத்து, மிக மெல்லிதாக எண்ணெய் பூசி, இரு பகுதியாகக் கலக்கும் சிலிக்கோன் பிசையலை அழுத்தி நிரப்பி, இறுகியதும் திருகி எடுத்தால் உள்ளிருந்த மரை கையில் வந்துவிடும். அதன் பிட்ச்சை அளக்கலாம், கோணத்தைப் பார்க்கலாம். முன்பு யாராவது வேறு மரையின் டேப்பை (துளையில் மரை வெட்டும் கருவி) ஓட்டியிருந்தால் அதுவும் தெரியும்: வாய்ப் பக்கத்தில் முகடுகள் இரட்டையாகப் பிளந்திருக்கும், உள்ளே போகப்போக ஒற்றையாகும். அந்த உள்பகுதிதான் தொழிற்சாலை வெட்டியது. அளவெடுக்க வேண்டிய இடமும் அதுவே.

அளவு தெரிந்த போல்ட்டை வைத்துச் சோதிப்பதும் நல்ல வழிதான், விரலால் மட்டும் திருப்பினால். விரலால் கடைசிவரை போக வேண்டும். போனபின் பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஸ்பேனரைத் தொட்ட பிறகு அதற்குச் சோதனை என்று பெயர் இல்லை.

ஃபோர்க்கில் ஒவ்வொரு மரைக்கும் ஒரு வேலை

1930களின் கிர்டர் ஃபோர்க் என்பது லிங்க்குகளில் தொங்கி ஆடும் சட்டம்; அதில் லிங்க்குகள் சுழலும் தண்டுகளான ஸ்பிண்டில்கள்தான் உயிர்நாடி. பல வடிவமைப்புகளில் ஸ்பிண்டில் ஒரு பக்கத்து லிங்க்கில் மரையால் ஏறுகிறது. அதைத் திருப்பினால் லிங்க்குகளின் பக்கவாட்டு இடைவெளி மாறும். பிறகு பூட்டு நட்டால் இறுக்க வேண்டும். 26 மரையில் கால் சுற்று என்பது 0.24 மி.மீ. நகர்வு. இங்கே மரை ஒரு அளவுக்கருவியாகவும் வேலை செய்கிறது. அது தளர்வாக இருந்தால் பூட்டு நட்டை இறுக்கும்போதே சரிசெய்த இடைவெளி மாறிவிடும். ஒரே ஸ்பிண்டிலின் இரு முனைகளும் வெவ்வேறு விட்டமாக இருப்பதும் சாதாரணம். ஒரு முனையை அளந்துவிட்டு மறுமுனையும் அதுவே என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

ஹைட்ராலிக் டேம்பருடன் கூடிய, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களாலான டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை பிஎம்டபிள்யூ 1935இல் தன் ஆர்12இல் கொண்டுவந்தது. போருக்குப் பிறகு அது எங்கும் பரவியது. அதன் மேல் நட் பெரும்பாலும் வெறும் மூடியாக இருப்பதில்லை. பல பிரிட்டிஷ் ஃபோர்க்குகளில் குழாயின் மேல்முனை கூம்பாக இருக்கும். மேல் நட்டை இறுக்கும்போது அது குழாயை மேலே இழுத்து, இரு குழாய்களையும் பிடிக்கும் தாங்கியான யோக்கின் கூம்புத் துளையில் உட்கார வைக்கிறது. முன்சக்கரம் நேராக நிற்பது அந்த இழுப்பை நம்பித்தான். குழாயைக் கழற்றவும் ஏற்றவும் அதே மரையில் மாட்டும் இழுவைக் கருவி ஒன்று தேவைப்படும். அந்தக் கருவியின் மரை தவறாக இருந்தாலும் குழாயின் மரை போய்விடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்பிரிங் மேல் நட்டையே நேரடியாகத் தள்ளும் ஃபோர்க்குகளில் இன்னொரு எச்சரிக்கை: கடைசி ஒன்றிரண்டு மரைகளில் நட் பாய்ந்து வெளியேறும். முகத்தை அதற்கு நேராக வைக்கக் கூடாது. குழாயின் முதல் மரை சிதைவதும் பெரும்பாலும் இப்படித்தான்.

கீழ்க்காலின் தலையில் ஏறி எண்ணெய் சீலைப் பிடித்திருக்கும் சீல் ஹோல்டர் வேறு வகைச் சிக்கல். அதன் விட்டம் எந்த அட்டவணையிலும் இருக்காது, ஏனென்றால் அது அந்தக் குழாய்க்கென்று வடிவமைத்த அளவு. ஆனால் பிட்ச் பெரும்பாலும் அந்தத் தொழிற்சாலை மற்ற இடங்களில் பயன்படுத்திய வழக்கமான பிட்ச்சுகளில் ஒன்றாகவே இருக்கும். பெரிய விட்டம், மெல்லிய சுவர், ஆழம் குறைந்த மரை. சற்றுக் கோணலாகத் தொடங்கினாலும் மரை குறுக்கே ஏறிவிடும். முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பி, மரை விழும் சிறு உணர்வு கையில் தெரிந்த பிறகு ஏற்றுவதே பாதுகாப்பு. எண்ணெயைத் தடுப்பது மரையின் வேலை அல்ல. கசிந்தால் இன்னும் இறுக்குவதால் பயனில்லை, சீலையும் வாஷரையும் பார்க்க வேண்டும்.

இதே ஹோல்டர்தான் குரோம் பூச்சுக்கும் போகும். பூச்சு மரையில் படிந்தால் 60 டிகிரிக் கோணத்தில் மரையின் நடுவிட்டம் பூச்சின் தடிமனைப்போல் நான்கு மடங்கு மாறும். 25 மைக்ரான் பூச்சு 0.1 மி.மீ. ஆகிவிடும். போவதற்கு முன் விரலால் ஏறியது, பளபளப்பாகத் திரும்பி வந்தபின் பாதியில் நிற்பது இதனால்தான். மரையை மறைத்துப் பூசச் சொல்ல வேண்டும். பூச்சுக்கு முன் பாலிஷ் சக்கரத்தில் மரை முனைகள் படாமல் பார்க்கவும் சொல்ல வேண்டும்.

எதைக் காப்பது, எதை மாற்றுவது

அளவைக் கண்டுபிடித்தபின் பலர் செய்வது, அதே அளவு டேப்பை வாங்கித் துளையில் ஓட்டிச் 'சுத்தம்' செய்வது. வெட்டும் டேப் அழுக்கோடு உலோகத்தையும் எடுக்கும். தேய்ந்த மரை மேலும் தளரும். மரையைத் திருத்துவதற்கென்றே உள்ள சேஸர் டேப்போ, வெளிமரைக்கு மரை அரமோ போதும். உலோகத்தைக் குறைக்காமல் சாய்ந்ததை நிமிர்த்துவதுதான் நோக்கம்.

இணையும் இரண்டு பாகங்களில் எது மறுபடி கிடைக்காதோ அதன் மரையைத் தொடக் கூடாது. மற்றதை அதற்கேற்பச் செய்ய வேண்டும். கீழ்க்காலின் வார்ப்பும் ஃபோர்க் குழாயும் அசல் என்றால் நட்டும் திருகும் அவற்றுக்குப் பணிய வேண்டும். வசதிக்காக 5/16 சைக்கிள் மரைத் துளையை 8 மி.மீ. மெட்ரிக்காக மாற்றுவதை நான் எதிர்ப்பேன். விட்ட வேறுபாடு 0.06 மி.மீ.தான் என்பதால் புதிய மரை பழையதன் மேலேயே விழும். பழையது முழுதாக அழியாது, புதியது முழுதாக உருவாகாது. மரை முற்றிலும் போயிருந்தால் அதே அளவில் கம்பிச் சுருள் இன்செர்ட் போடுவது சரி. சைக்கிள் மரைக்கும் அவை கிடைக்கின்றன. அலுமினியத்தில் மரை பிடிக்கும் நீளம் போல்ட் விட்டத்தின் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும்.

அட்டவணையில் இல்லாத மரைக்கு லேத்தான் வழி. மெட்ரிக், அங்குலம் இரண்டையும் அந்த லேத் வெட்டுமா என்று முதலில் கேளுங்கள். அங்குல லேத்தில் மெட்ரிக் பிட்ச்சைத் துல்லியமாக வெட்ட 127 பற்கள் கொண்ட கியர் தேவை, ஏனென்றால் 25.4இன் ஐந்து மடங்கு 127. கடைசல்காரரிடம் விட்டம், பிட்ச், கோணம், வலமா இடமா என்ற திசை, மரை தொடங்கும் இடத்துக்கும் தோளுக்கும் உள்ள தூரம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். அத்தோடு ஜோடிப் பாகத்தையும் கையில் கொடுங்கள். நல்ல கடைசல்காரர் எண்ணுக்கு வெட்டி நிறுத்தமாட்டார். கடைசி நூறில் ஒரு பங்கு மி.மீ.களை ஜோடிப் பாகத்தைத் திருகிப் பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பார். பாகம் திரும்பி வந்ததும் எண்ணெய் போடாமல், துடைத்த மரையில், விரலால் கடைசிவரை ஏற்றிப் பாருங்கள். பிறகு கழற்றி இரண்டு மரைகளின் சரிவுகளிலும் மார்க்கர் மையைப் பூசி ஒருமுறை இறுக்கித் தளர்த்துங்கள். மை சரிவு முழுவதும் அழிந்திருந்தால் கோணம் பொருந்தியிருக்கிறது. ஒரு மெல்லிய கோடாக மட்டும் அழிந்திருந்தால் அந்தப் பாகத்தை லேத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.